சிறு சக்கரம்

பெரிய செயல்களைப் பற்றிப் பேசும்போது பெரிய பொறிகளே நம் நினைவிற்கு வருகின்றன. மலையைக் குடையும் எந்திரமும், கடலைக் கடக்கும் கப்பலும், விண்ணில் பாயும் கலமும் நம் வியப்பைக் கவர்ந்துவிடுகின்றன. அவற்றை வியப்பதில் தவறில்லை. ஆயினும், நம் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் கைக்குள் அடங்கும் சிறு கருவிகளே. தையற்காரரின் ஊசியும், தச்சரின் உளியும், கொத்தரின் கரண்டியும் இல்லையேல், நாம் உடுப்பதும் உறைவதும் எங்ஙனம்? அத்தகைய சிறு கருவிகளுள் ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன். அது செம்புக்குழாயை வெட்டும் கருவி. தொழிலாளர் அதனைக் 'கட்டர்' என்றே வழங்குவர். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் உள்ள எஃகுச் சக்கரம் ஒரு சிறு காசைக் காட்டிலும் சிறியது. அதன் வாயிலாக நான் அறிந்துகொண்ட உண்மையோ பெரிது.

செம்புக்குழாயின் வரலாறு மிகப் பழையது. எகிப்து நாட்டில் அபுசீர் என்னும் இடத்தில் சகுரே என்ற மன்னனின் பிரமிடும், அதனைச் சார்ந்த கோயிலும் உள்ளன. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்த செருமானிய அறிஞர் லுட்விக் போர்சார்ட், கோயிலிலிருந்து நீரை வெளியேற்றுவதற்காக அமைக்கப்பட்டிருந்த செம்புக்குழாய்களைக் கண்டார். செம்பைத் தகடாக அடித்து, அத்தகட்டை வளைத்துச் செய்த குழாய்கள் அவை. அவற்றின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். மன்னனும் மறைந்தான்; அவன் ஆண்ட அரசும் மறைந்தது. நீர் சென்ற வழி மட்டும் எஞ்சி நின்றது.

செம்பு இரும்பைப்போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. வளைத்தால் வளையும், சூடேற்றிப் பற்றவைத்தால் உறுதியாக இணையும். ஆதலின், குளிர் மிகுந்த மேலை நாடுகள் பலவற்றில் வீட்டிற்குள் தண்ணீரையும் வெந்நீரையும் கொண்டு செல்வதற்குச் செம்புக்குழாயையே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். இங்கிலாந்தின் இல்லங்களில் பெரிதும் காணப்படுபவை 15 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் புறவிட்டம் உடைய குழாய்கள். 15 மில்லிமீட்டர் குழாயின் சுவர் பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அம்மெல்லிய சுவரே, வீட்டிலுள்ளோருக்கு வேண்டிய நீரை இரவும் பகலும் காத்து நிற்கிறது.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் புறநகர் ஒன்றில், என் அண்ணன் இல்லத்தில் தங்கியிருந்தேன். பிப்ரவரித் திங்களின் இறுதியில், கிழக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று வீசியது. நாடெங்கும் பனி கொட்டியது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். குழாயினுள் உறைந்த நீர் இவ்வாறு பெருகி, மூடிய குழாய்த் திறப்பிற்கும் பனிக்கட்டிக்கும் இடையே அகப்பட்ட நீரை நெருக்குகிறது. அந்நெருக்குதலைத் தாங்காத குழாய் பிளந்துவிடுகிறது. ஆனால், பனிக்கட்டி அடைப்பாக நிற்கும்வரை பிளவு வெளியே தெரிவதில்லை. மார்ச்சுத் தொடக்கத்தில் பனி உருகிய பின்னரே நீர் பீறிட்டது. தெருவின் அடியில் இருந்த குழாய்களும், வீட்டினுள் இருந்த குழாய்களும் ஒருங்கே வெடித்தமையால், இங்கிலாந்திலும் வேல்சிலும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட நீர் இணைப்பாளர்கள் நான்கு மணி நேரத்திற்கும் அதிகமாகத் தண்ணீரின்றித் தவித்தனர்.

அண்ணன் இல்லத்தில் கூரைக்கடியில் சென்ற 15 மில்லிமீட்டர் குழாய், மீனின் வாய்போலப் பிளந்திருந்தது. மேல்தளத்து அறையில் நீர் சொட்டத் தொடங்கவே, அண்ணி விரைந்து சென்று வீட்டிற்குள் வரும் நீரை அடைத்தார். எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாரும் அப்போது அவ்வில்லத்தில் இருந்தார். குளிரோ எலும்பைத் துளைத்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அண்டை வீட்டாரை நாட வேண்டிய நிலை. குழாய்த் தொழிலாளர் வந்து சேர்வதற்கு மாலையாகிவிட்டது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலண்டனில் குடியேறியவர்; அறுபது வயதை நெருங்கியவர். அன்று அவர் சென்ற ஐந்தாவது வீடு அது. அவருடைய கைப்பேசி இடையறாது ஒலித்துக்கொண்டே இருந்தது. அழைத்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

அண்ணன் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்கு உதவியாகக் கூரையடிக்கு ஏறினான். நானும் உடன் ஏறினேன். வேலை விரைவில் முடிய வேண்டும் என்ற ஆர்வத்தினால், "மாமா, கீழே இரும்பு அறுக்கும் வாள் ஒன்று இருக்கிறது. அதனால் அறுத்தால் நொடியில் முடிந்துவிடுமே! கொண்டு வரட்டுமா?" என்று அவன் கேட்டான். அவர் சிரித்தார்.

"அறுப்பது நொடியில் முடிந்துவிடும், தம்பி. ஆனால் அறுத்த இடத்தைச் சீர்ப்படுத்த அரை மணி நேரம் ஆகும். சீர்ப்படுத்தாமல் விட்டால் அரைத் திங்களில் மறுபடியும் என்னை அழைப்பீர்கள்" என்றார்.

அவர் கூறியதன் உண்மையை எண்ணிப் பாருங்கள். வாளின் பற்கள் செம்பைச் சுரண்டிச் சுரண்டித் துகளாக்குகின்றன. அத்துகளில் ஒரு பகுதி குழாயினுள் விழும். பின்னர் நீரோடு சென்று, குழாய்த் திறப்புகளின் உள்ளுறுப்பில் சிக்கிக்கொள்ளும். கையின் ஆட்டத்தால் வெட்டும் கோணலாகும். கோணலான முனை இணைப்பினுள் முழுதும் பொருந்தாது. அகமும் புறமும் பிசிறு நிற்கும். திறமை மிக்கவர் வாளைக் கொண்டும் நேராக அறுத்து, அரத்தால் தேய்த்து ஒழுங்குபடுத்துவர் என்பது மெய்தான். ஆயினும், நேராக வெட்டுவதற்கென்றே ஒரு கருவி இருக்கும்போது அதனை விடுத்து வேறொன்றை நாடுவது ஏன்?

அவர் தம் பையிலிருந்து கருவியை எடுத்தார். அதன் அமைப்பு மிக எளியது. வளைந்த உடலின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு உருளைகள்; அவற்றிற்கு எதிரே கூரிய விளிம்புடைய ஒரு சக்கரம். பின்னால் உள்ள திருகைத் திருகினால், சக்கரமும் உருளைகளும் ஒன்றையொன்று நெருங்கும். வெட்ட வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொண்டார். குழாயை உருளைகளின்மேல் அமர்த்தி, சக்கரம் குறியைத் தொடும் அளவிற்கு மட்டும் திருகினார். பிறகு கருவியைக் குழாயைச் சுற்றி ஒரு முழு வட்டம் சுழற்றினார். மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. கோட்டின் முடிவு அதன் தொடக்கத்தோடு வந்து கூடியதா என்று விளக்கொளியில் உற்று நோக்கினார். கூடியிருந்தது. அதன் பின்னரே திருகைக் கால் சுற்று இறுக்கினார். மீண்டும் சுழற்றினார். மீண்டும் கால் சுற்று, மீண்டும் சுழற்சி. ஏழெட்டுச் சுழற்சிகளில், மெல்லிய ஓசையுடன் குழாய் இரண்டாகப் பிரிந்தது. வெட்டிய முகம் கண்ணாடிபோல் மின்னியது.

"ஒரே முறையில் நன்றாக இறுக்கிச் சுழற்றினால் என்ன, மாமா?" என்று பையன் வினவினான். பிளந்துபோன பழைய குழாயின் துண்டு ஒன்றை அவனிடம் கொடுத்து, "செய்து பார்" என்றார் அவர். அவன் வலிமை முழுவதையும் திரட்டித் திருகை இறுக்கினான். கருவி நகரவே மறுத்தது. வலிந்து சுழற்றியபோது, சக்கரம் தன் தடத்தில் ஓடாமல் திருகாணியின் புரிபோல வழுவிச் சென்றது. குழாயும் வட்டம் இழந்து முட்டை வடிவம் கொண்டது. விளிம்போ உட்புறமாக மடிந்து கிடந்தது.

"செம்பு மென்மையான உலோகம், தம்பி. அதன் இயல்பு அறிந்து நெருங்கினால் அது வழிவிடும், மிரட்டினால் நெளிந்துவிடும்" என்றார் அவர்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அப்பழமொழியின் பொருளைப் பையனுக்கு எந்த ஆசிரியரும் அவ்வளவு விரைவில் விளக்கியிருக்க முடியாது. ஐந்து வீடுகளின் களைப்பும், இன்னும் செல்ல வேண்டிய வீடுகளின் அழைப்பும் அம்மனிதரை நெருக்கிக்கொண்டுதான் இருந்தன. எனினும், அந்நெருக்கம் அவருடைய விரல்களைச் சென்று சேரவில்லை. கால் சுற்று என்பது அவருக்குக் கால் சுற்றுதான்.

மற்றொரு முனையை வெட்ட வேண்டிய இடத்தில் மரச்சட்டம் குறுக்கே நின்றது. பெரிய கருவியைச் சுழற்ற அங்கு இடமில்லை. அவர் அதற்கென வேறொன்று வைத்திருந்தார். அது குழாயைக் கவ்விப்பிடிக்கும் வளையம் போன்றது. அதனுள்ளும் ஒரு சிறு சக்கரம் உண்டு. சக்கரத்தை அழுத்துவதற்கு வில் ஒன்று உண்டு. குழாய்க்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு விரல் இடம் இருந்தாலும் போதும்; அதனை விரல்களாலேயே சுழற்றிவிடலாம். இடத்திற்கு ஏற்ற கருவியைத் தேர்தலும் தொழிலறிவின் ஒரு கூறே அன்றோ?

இரண்டு முனைகளும் நேராக வெட்டப்பட்டன. இனி இணைக்க வேண்டியதுதானே என்று நாங்கள் கருதினோம். அவரோ கருவியின் பின்புறத்தில் மடங்கியிருந்த முக்கோண வடிவமான சிறு அலகை விரித்தார். அதனைக் குழாயின் வாயில் செருகி, மெல்லச் சுழற்றினார். செம்பொடி உதிர்ந்தது.

இதன் காரணத்தை விளக்குவது தேவை. சக்கரம் வாளைப்போலச் செம்பைச் சுரண்டி எடுப்பதில்லை. பிளந்து இருபுறமும் ஒதுக்குகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட செம்பில் ஒரு பகுதி, குழாயின் உட்பக்கம் தள்ளப்பட்டு ஒரு சிறு வரம்பாக நிற்கிறது. அதனையே பிசிறு என்பர். எத்துணைத் திறமையோடு வெட்டினும் சிறிதளவு பிசிறு உண்டாகவே செய்யும். இணைப்பு முடிந்த பின் அது எவர் கண்ணுக்கும் தெரியாது. நீரும் வரும், கசிவும் இராது. அவ்வாறாயின், அதனை நீக்குவதற்கு ஏன் உழைக்க வேண்டும்?

பையன் மனத்திலும் இவ்வையம் எழுந்திருக்க வேண்டும். அவன் முகத்தைக் கண்ட அத்தொழிலாளர், தம் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்த பழைய செம்புக்குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். வேறொரு வீட்டின் வெந்நீர்க் குழாயிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வெட்டியெடுத்த துண்டு அது. தொழில் பழக வருவோருக்குக் காட்டுவதற்காகவே அதனைப் போற்றி வைத்திருப்பதாகக் கூறினார். அதன் உட்புறத்தில், நீக்கப்படாத பிசிறு வளையமாக நின்றது. அவ்வளையத்தைத் தாண்டி, குதிரைக் குளம்பின் சுவடு போன்ற சிறு பள்ளங்கள் பல காணப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆழ்ந்து ஆழ்ந்து, குழாயின் சுவரையே துளைத்துவிட்டிருந்தது. ஊசி நுழையும் அளவான அத்துளையால் ஒரு வீட்டின் சுவர் முழுவதும் ஊறிப் பாழாயிற்று என்றார்.

ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையைக் கடந்த வெள்ளம், அதன் பின்னே சுழித்து மணலைப் பறிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். குழாயினுள் நிகழ்வதும் அதுவே. நாளடைவில் செம்பின் உட்பரப்பில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அதுவே செம்பைக் காக்கும் கவசம். சீராக ஓடும் நீர் அதற்குத் தீங்கு செய்வதில்லை. பிசிறில் மோதிய நீரோ சுழல்கிறது. சுழன்று படலத்தை அரிக்கிறது. கவசம் இழந்த இடத்தில் மீண்டும் படலம் படிய முயலும். சுழல் மீண்டும் அதனை அரித்துவிடும். இவ்வாறு நாள்தோறும் நடைபெறும் போரில், ஆண்டுகள் பல கழிந்தபின் செம்பு தோற்கிறது. குழாயை இணைத்தவர் அன்றே தம் கூலியைப் பெற்றுச் சென்றிருப்பார். துன்புற்றவர்களோ அவரை ஒருபோதும் கண்டிராதவர்கள்!

பிசிறு நீங்கிய முனைகளைத் தேய்த்துத் துலக்கி, பசை தடவி, புதிய துண்டை இணைப்புகளோடு பொருத்தினார். மரச்சட்டத்தில் தீப்பற்றாதவாறு தடுப்புத் துணியை விரித்து, சுடரால் இணைப்பைச் சூடேற்றினார். வெள்ளீயத்தில் சிறிதளவு செம்பு கலந்த பற்றாசு ஏறத்தாழ 227 பாகை செல்சியசில் உருகிவிடும். செம்போ 1,085 பாகையில்தான் உருகும். எனவே, குழாய்க்குத் தீங்கு நேராமல் பற்றாசு மட்டும் உருகியது. குழாய்க்கும் இணைப்பிற்கும் இடையே இருந்தது ஒரு தாளின் தடிப்பளவே ஆன இடைவெளி. விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதுபோல, உருகிய பற்றாசு அவ்விடைவெளியில் தானே பாய்ந்து நிறைந்தது. குழாய் முட்டை வடிவமாக நெளிந்திருப்பின், இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் நின்றிருக்கும். பற்றாசு சீராகப் பரவியிராது. வெட்டும்போது காட்டிய பொறுமையின் பயன் இங்கே விளங்கியது. அன்றிரவு அவ்வில்லத்தில் மீண்டும் நீர் ஓடியது. அவரோ தேநீர் அருந்தவும் நில்லாமல், ஆறாவது வீட்டை நோக்கிச் சென்றார்.

இது குளிர் நாட்டார்க்கு மட்டும் உரிய செய்தி என்று கருதிவிட வேண்டா. நம் நாட்டு வீடுகளில் குடிநீர் பெரும்பாலும் இரும்புக்குழாயிலும் நெகிழிக் குழாயிலும் ஓடுகிறது என்பது உண்மையே. ஆயினும், குளிர்பதனப் பொறிகளைப் பழுது பார்ப்பவரிடம் இதே கருவியை நீங்கள் காணலாம். அப்பொறிகளில் குளிர்பொருள் சென்று மீள்வது செம்புக்குழாயில்தான். அவர் குழாயை வெட்டி, அதன் முனையைப் புனல்போல விரித்து இணைப்பார். முனையில் பிசிறு இருந்தால், விரித்த வாய் செவ்வனே பொருந்தாது. குளிர்பொருள் சிறுகச் சிறுகக் கசிந்துவிடும். உதிர்ந்த செம்புத்துகள் உள்ளே சென்றாலோ, பொறியின் இதயம் போன்ற அழுத்தியே பழுதாகும். ஆதலின், நல்ல தொழிலாளர் பிசிறு நீக்கும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பர். துகள் தரையில் விழுமேயன்றிக் குழாயினுள் விழாது. எவ்வளவு எளிய முறை! எனினும், எவ்வளவு அறிவுடைய முறை!

மருத்துவமனைகளில் உயிர்வளியைக் கொண்டு செல்லும் குழாய்களும் செம்பினால் ஆனவையே. 2021ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, உயிர்வளியின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. நோயாளியின் படுக்கையருகே சுவரில் முடியும் அக்குழாய்களை வெட்டி இணைப்பவர்கள் இருமடங்கு விழிப்போடு இருத்தல் வேண்டும். வெட்டும் சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் இருத்தல் கூடாது. ஏனெனில், உயிர்வளி செறிந்த இடத்தில் எண்ணெய் எளிதில் தீப்பற்றும். துகளும் உள்ளே தங்குதல் கூடாது. மூச்சிற்குத் தவிக்கும் ஒருவருக்கும் அவருக்கு உயிர்வளி அளிக்கும் கொள்கலத்திற்கும் நடுவே, முகமறியாத ஒரு தொழிலாளரின் கவனமே பாலமாக நிற்கிறது.

தொழில்களில் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. குழாய் வேலை செய்பவரை வாயிலில் நிறுத்திப் பேசுவோரும் உளர். ஆனால், அவர் கையில் உள்ள கருவியை இயக்க வேண்டுமாயின், உலோகத்தின் இயல்பும், நீரின் போக்கும், வெப்பத்தின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றோடு மனத்தின் அடக்கமும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்று இக்கலையைக் கற்கும் இளைஞர்கள், கல்லூரியில் கற்போருக்கு எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

மாணவர்களே! நீங்கள் நாளை பல்வேறு தொழில்களில் ஈடுபடுவீர்கள். சிலர் பாலம் கட்டுவீர்கள். சிலர் கணக்கு எழுதுவீர்கள். சிலர் நோய் தீர்ப்பீர்கள். எத்தொழிலாயினும், அதில் பிறர் காணும் பகுதி ஒன்றும் பிறர் காணாத பகுதி ஒன்றும் இருக்கும். பாலத்தின் கற்காரையினுள் மறைந்த கம்பியை வண்டியில் செல்வோர் காண்பதில்லை. சட்டையின் உட்புறத் தையலை எதிரே நிற்பவர் காண்பதில்லை. காணும் பகுதியைச் செம்மைப்படுத்துவதற்குப் புகழ் விருப்பமும் அச்சமும் நம்மைத் தூண்டும். காணாத பகுதியைச் செம்மைப்படுத்துவதற்கு நம் நெஞ்சம் ஒன்றே தூண்டுதல் வேண்டும். சிறுகச் சிறுக இறுக்குங்கள். தொடங்கிய கோடும் முடிந்த கோடும் கூடுகின்றனவா என்று பாருங்கள். வேலை முடிந்தது என்று எழுவதற்கு முன், உள்விளிம்பை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பிசிறு இல்லையாயின், நீங்கள் அறியாத ஒருவர் வீட்டில், நீங்கள் அறியாத ஓர் இரவில், நீர் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்.